தராசு யார் கையில்?

முட்டை வடிவில் ஒரு பந்து. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுபவன் ஒருவன். அவனை மண்ணில் வீழ்த்த மலையெனப் பாய்ந்து வருபவர் பலர். பக்கத்துக்குப் பதினைந்து பேர். எண்பது நிமிடப் போர். ரக்பி என்பது அந்த ஆட்டத்தின் பெயர். நம் ஊர்த் திடல்களில் அந்தப் பந்து அதிகம் உருள்வதில்லை. உருளவும் அதற்குத் தெரியாது. தத்தித் தாவத்தான் தெரியும்.

"ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய், அரசியல் ஏட்டில் அந்தப் பந்துக்கு என்ன வேலை?" என்று தோழர்கள் புருவத்தை நெரிக்கலாம். நெரித்த புருவம் நிமிருமுன் சொல்லிவிடுகிறேன்: நான் எழுத வந்தது பந்தைப் பற்றியன்று. பந்தை எவன் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்கிறதே, அந்தக் கையைப் பற்றி!

2027ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குக் களம் ஆஸ்திரேலியா. 1995, 2007, 2019, 2023 என நான்கு முறை கோப்பையைக் கவர்ந்த தென்னாப்பிரிக்க அணி, துள்ளுமானைச் சின்னமாகக் கொண்ட 'ஸ்பிரிங்பாக்' அணி, அங்கே செல்லவேண்டும். செல்வோர் யார், நிற்போர் யார் என்ற பட்டியல் வெளிவரும் நாளில் எழக்கூடிய கூச்சல் எது என்பதை இன்றே சொல்லிவிடலாம். ஒவ்வொரு கோப்பைக்கு முன்னும் கேட்ட கூச்சல்தான் அது.

"அணியில் அரசியல் கூடாது! நிறத்தை எண்ணாதீர்! தகுதி ஒன்றையே பாருங்கள்!"

கேட்கும்போது தேனாக இனிக்கிறது. தகுதியை வேண்டாமென்பான் யார்? திறமைக்குப் பகைவன் யார்? ஆனால், தோழர்களே, தேன் எந்தக் கூட்டிலிருந்து வடிகிறது என்று அண்ணாந்து பார்த்தால், அங்கே கொட்டுவதற்குக் காத்திருக்கும் குளவிகள் தெரிகின்றன.

முதலில் ஒரு கேள்வி. அணித் தேர்வில் அரசியலைப் புகுத்தியவர் யார்?

தென்னாப்பிரிக்கா தன் முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டத்தை ஆடியது 1891இல். வெள்ளையரல்லாத ஒருவர் முதன்முதலாக அந்நாட்டு அணியின் சட்டையை அணிந்து ஆடியது 1981இல். இடையில் ஓடியவை தொண்ணூறு ஆண்டுகள்! பாட்டன் பிறந்து, தந்தை வளர்ந்து, பேரன் நரைத்துப் போகும் காலம். அந்தத் தொண்ணூறு ஆண்டுகளிலும் நாட்டின் பெரும்பான்மை மக்களாகிய கறுப்பரில் ஒருவனுக்குக்கூடவா ஓடத் தெரியவில்லை? ஒருவனுக்குக்கூடவா பந்தைப் பற்றத் தெரியவில்லை? வெள்ளையருக்கே நூற்றுக்கு நூறு இடம் ஒதுக்கி வைத்திருந்த நாளில், அதற்கு ஒதுக்கீடு என்ற பெயரில்லை. "மரபு" என்று பெயர். அந்த மரபில் ஒரு விழுக்காடு குறைந்த மறுகணமே, "ஐயோ, அரசியல் நுழைந்துவிட்டதே!" என்று அலறல்.

தம் அணியோடு நின்றார்களா? எதிரணியையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்! நியூசிலாந்தின் தொல்குடிகளான மாவோரி மக்கள் அந்நாட்டு ரக்பியின் உயிர்நாடிகளில் ஒன்று. 1928இல் நியூசிலாந்து அணி தென்னாப்பிரிக்கா சென்றபோது, ஜார்ஜ் நேப்பியா என்ற மாவோரி மாவீரன் வீட்டில் விடப்பட்டான். 1949இல் மீண்டும் மாவோரி இல்லாத அணி. 1960இல், "மாவோரி இல்லையெனில் பயணமும் இல்லை" என்று நியூசிலாந்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கையொப்பங்கள் ஒருபுறம் கிடக்க, அணி புறப்பட்டது. 1965இல் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வெர்வோர்ட், மாவோரிகளுக்கு இங்கே வரவேற்பில்லை என்பதைப் பொதுமேடையில் புலப்படுத்தினார். அதன் விளைவாக 1967இல் நடக்கவிருந்த பயணம் கைவிடப்பட்டது. 1970இல் ஒரு சலுகை பிறந்தது! மாவோரிகள் வரலாமாம், எப்படி? "கௌரவ வெள்ளையர்" என்ற பட்டத்தோடு!

எண்ணிப் பாருங்கள். தன் தாய் தந்த நிறத்தை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டு, கடன் வாங்கிய நிறத்தோடு களத்துக்குள் வா என்பது கௌரவமா, காறித் துப்பலா? வேற்று நாட்டு அணியில் எவன் இருக்கவேண்டும் என்று ஒரு நாட்டின் பிரதமர் மேடையேறிப் பேசினாரே, அதைவிட அப்பட்டமான அரசியல் உலக விளையாட்டு வரலாற்றில் உண்டா? அன்று நிறம் பார்த்துக் கழித்தவர்களின் வழித்தோன்றல்கள், இன்று நிறம் பார்க்காதே என்று நமக்கு நீதி புகட்டுகின்றனர். 2010இல் இரு நாட்டு ரக்பிச் சங்கங்களும் ஒதுக்கப்பட்ட மாவோரி வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டன. மன்னிப்பு வந்தது; இளமை திரும்ப வந்ததா? நேப்பியா மறைந்தது 1986இல். மன்னிப்பு அவர் கல்லறைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

"கறுப்பருக்குக் கால்பந்துதான் பிடிக்கும், ரக்பி வெள்ளையர் ஆட்டம், அதனால்தான் அணியில் அவர்கள் இல்லை" என்று அடுத்த புரட்டை அவிழ்ப்பார்கள். இதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. கிழக்குக் கேப் பகுதியில், சமயப் பரப்புநர்களின் பள்ளிகளில் படித்த கறுப்பு மாணவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரக்பி ஆடினர். தமக்கென்று சங்கங்கள் கண்டனர், கோப்பைகள் வைத்தனர். ராபன் தீவுச் சிறையில், நிறவெறியை எதிர்த்த குற்றத்துக்காக அடைபட்டவர்கள், கல்லுடைத்த கைகளால் ரக்பிப் பந்தை எறிந்தனர். அங்கே பதினைந்து ஆண்டு கிடந்து, அந்த ஆட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்களுள் ஒருவர் ஸ்டீவ் ட்ஷ்வெட்டே. 1994இல் நெல்சன் மண்டேலாவின் அமைச்சரவையில் விளையாட்டுத்துறை அமைச்சர் யார் தெரியுமா? அதே ட்ஷ்வெட்டேதான்! சிறைக்குள்ளும் அந்தப் பந்தைக் காதலித்த மக்களைப் பார்த்து, "உங்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காது" என்பது, பசித்தவன் வாயைக் கட்டிவிட்டு, "இவனுக்கு உணவில் நாட்டமில்லை" என்பதல்லவா?

நான் நாடகக்காரன். தேர்வுக்குழு அறையில் அந்நாளில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

உறுப்பினர்: ஐயா, கிழக்குக் கேப் பக்கம் ஒருவன் ஓடுகிறானாம். காற்றே தோற்கும் என்கிறார்கள்.

தலைவர்: நீர் பார்த்தீரா?

உறுப்பினர்: இல்லை. அவன் ஆடும் திடலுக்கு நாம் போவதில்லையே!

தலைவர்: பார்க்காதவனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உறுப்பினர்: நம் திடலுக்கு அழைத்துப் பார்ப்போமா?

தலைவர்: சட்டம் இடங்கொடாது.

உறுப்பினர்: அப்படியானால்...

தலைவர்: குறிப்பேட்டில் எழுதும்: "தகுதி வாய்ந்த கறுப்பர் எவரும் கிடைக்கவில்லை."

திரை விழுகிறது. காட்சி கற்பனை. தொண்ணூறு ஆண்டு முடிவு மட்டும் கற்பனையன்று.

நாடகத்துக்கு ஆள் பொறுக்கிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒத்திகைக்கே அழைக்கப்படாதவனைப் பார்த்து, "இவனுக்கு வசனம் வராது" என்று தீர்ப்பளிப்பது தேர்வல்ல, தில்லுமுல்லு. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன் நான்; தகுதி என்ற சொல்லைக் கல்லாக்கி என்மீதும் எறிந்தவர்கள் உண்டு. எறிந்தவர்களில் ஒருவரும், நான் ஏன் நிறுத்தினேன் என்று கேட்டதில்லை. தகுதி பேசுவோர் வழக்கமே அது. ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் நின்று கைதட்டுவார்கள். தொடக்கக் கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்று திரும்பியே பார்க்கமாட்டார்கள்.

கதவு சற்றே திறந்தபோது என்ன நடந்தது? கணக்கைப் பார்ப்போம்.

1981இல் நுழைந்தவர் எரால் டோபையாஸ். 'கலப்பினத்தார்' என்று அந்நாட்டுச் சட்டம் முத்திரை குத்திய மக்களில் ஒருவர். உலகத்தின் கண்ணைத் துடைக்க வைக்கப்பட்ட பொம்மை என்றனர் பலர். அவர் ஆடிய பன்னாட்டுத் தேர்வு ஆட்டங்கள் ஆறு. தென்னாப்பிரிக்கா வென்றவை எத்தனை? ஆறும்! பொம்மையா விளையாடியது?

1995. மண்டேலா அதிபரான மறு ஆண்டு. உலகக் கோப்பை தென்னாப்பிரிக்க மண்ணில். அணியில் கறுப்பினத்தார் ஒரே ஒருவர், செஸ்டர் வில்லியம்ஸ். காயத்தால் முதலில் பட்டியலிலிருந்தே விடுபட்டவர். கனடாவுடன் நடந்த ஆட்டத்தில் கைகலப்பு மூண்டு, தென்னாப்பிரிக்க வீரர் சிலர் தடை செய்யப்பட, அந்த இடைவெளியில் உள்ளே வந்தார். வந்தவர் காலிறுதியில் மேற்குச் சமோவாவுக்கு எதிராக நான்கு முறை எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தார். 'ட்ரை' என்று அதைச் சொல்வார்கள். ரக்பியில் அதுவே உயர்ந்த பயன். ஒரே ஆட்டத்தில் நான்கு! நாடே கோப்பையை ஏந்தியது.

ஆயினும் அவமதிப்பு ஓயவில்லை. 2003 உலகக் கோப்பைக்கு முன் நடந்த பயிற்சி முகாமில், கறுப்பினத் தோழனோடு ஒரே அறையில் தங்க ஒரு வெள்ளை வீரர் மறுத்தார் என்ற குற்றச்சாட்டு வெடித்தது. இறுதிப் பட்டியலில் இருவருமே இல்லை! மறுத்ததாகச் சொல்லப்பட்டவனுக்கும் இடமில்லை, மறுக்கப்பட்டவனுக்கும் இடமில்லை. 2008இல் பீட்டர் டி வில்லியர்ஸ் முதல் கறுப்பினப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டபோது, ஆட்டக் காரணங்களை மட்டும் கருதி எடுத்த முடிவல்ல இது என்று சங்கத் தலைவரே அறிவித்தார். மணமேடையிலேயே மணமகனைச் சிறுமைப்படுத்திய மாமனார் கதை! அந்த மனிதரின் கீழ் 2009இல் அணி என்ன செய்தது? பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டணியாகிய 'லயன்ஸ்' படையைத் தொடரில் வென்றது. அதே ஆண்டில் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் பின்தள்ளி முந்நாட்டுக் கோப்பையைக் கவர்ந்தது.

இன்னொரு ஓரவஞ்சனையையும் காணுங்கள். 2015 உலகக் கோப்பைக்கு முன், கறுப்பர் போதவில்லை, அணியைப் பயணம் செய்ய விடாதீர் என்று ஒரு சிறு கட்சி நீதிமன்றப் படியேறியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அணி சென்றது. அனுபவத்துக்கே முதலிடம் என்று ஓய்விலிருந்து திரும்பிய 38 வயது வீரரையும் சேர்த்துக்கொண்டு சென்றது. முதல் ஆட்டத்திலேயே ஜப்பானிடம் 34க்கு 32 என்று தோற்றது! ரக்பி உலகமே வாய்பிளந்தது. பின்னர் தேறி மூன்றாமிடம் பெற்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்விக்கு, "வெள்ளையர் மிகுதியாலே தோற்றோம்" என்று எவரேனும் எழுதினாரா? எழுதவில்லை; எழுதியிருந்தால் அதுவும் மடமையே. 2017இல், கறுப்பினப் பயிற்சியாளர் ஒருவரின் கீழ் நியூசிலாந்திடம் 57க்குச் சுழியம் என்று தோற்றபோதோ, ஒதுக்கீட்டின்மேல் பழிபோட்டவர்கள் உண்டு. வெள்ளையன் தோற்றால் வியூகம் பிழை. கறுப்பன் தோற்றால் பிறப்பே பிழை! இதற்குப் பெயர் தகுதித் தராசாம்!

பிறகு வந்தது 2019. அணியில் பாதி கறுப்பினத்தார் என்பது இலக்கு. அந்த இலக்கை அணி எட்டவில்லை என்பதே உண்மை. எனினும், நவம்பர் 2ஆம் நாள், யோக்கஹாமா நகரில், இங்கிலாந்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் தொடக்கத்திலேயே களமிறங்கிய பதினைவரில் ஆறு பேர் கறுப்பினத்தார். 1995 இறுதியில் ஒருவர், 2007 இறுதியில் இருவர், இப்போது அறுவர். தலைவன் சியா கொலிசி. 32க்கு 12 என்று வெற்றி. அதைவிடச் சுவையான செய்தி ஒன்று: 1995, 2007 ஆகிய இரு இறுதிப் போட்டிகளிலும் தென்னாப்பிரிக்கா வென்றது உதைத்துப் பெற்ற புள்ளிகளால், ஒரு 'ட்ரை'கூட இல்லை. உலகக் கோப்பை இறுதியில் அந்நாட்டின் முதல் 'ட்ரை'யைப் பதித்தவர் மக்கசோலே மப்பிம்பி, கிழக்குக் கேப்பின் சிற்றூர்ப் பிள்ளை. இரண்டாவதைப் பதித்தவர் செஸ்லின் கோல்பே, உருவத்தில் சிறியவர் என்று பலர் உதட்டைப் பிதுக்கியவர். தகுதி கெட்டுவிடும் என்றார்களே, கெட்டது எது? அவர்கள் சோதிடம்தான்!

இங்கே நிறுத்தி, கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து நான் இறங்கிவிடலாம். இறங்கமாட்டேன். கடினமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அதைக் கேட்டவன் பகைவன் அல்லன், கொலிசியேதான்.

2019 தொடக்கத்தில், ஜப்பானியச் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு அளித்த பேட்டியில் அவர் மனம் திறந்தார். தோலின் நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தாம் விரும்பவில்லை என்றார். மண்டேலா இந்த ஒதுக்கீட்டு முறையை ஆதரித்திருப்பார் என்று தாம் எண்ணவில்லை என்றார். மாற்றம் உச்சியில் அல்ல, சேரிகளிலும் சிற்றூர்களிலும் தொடங்கவேண்டும் என்றார். உடனே ஒரு சாரார் அவரைத் துரோகி என்று தூற்றினர், மற்றொரு சாரார், "பார்த்தீர்களா, அவரே சொல்லிவிட்டார்!" என்று துள்ளினர்.

தூற்றியதும் தவறு, துள்ளியதும் தவறு. அவன் பிறந்த இடத்தைப் பார்த்தால் அவன் சொல்லின் பொருள் விளங்கும். போர்ட் எலிசபெத் நகரை ஒட்டிய ஸ்விடே என்ற கறுப்பர் குடியிருப்பில், 1991 ஜூன் 16இல் பிறந்தவன். பாட்டியின் அரவணைப்பில், பசியோடு வளர்ந்தவன். ஆட்டத்துக்கேற்ற கால்சட்டைகூட இல்லாமல் களமிறங்கியவன். பன்னிரண்டு வயதில் ஒரு சிறுவர் போட்டியில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டான். வசதிமிக்க 'கிரே' பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. புல்வெளி கிடைத்தது, பயிற்சி கிடைத்தது, வயிறார உணவு கிடைத்தது. திறமை அதற்குமுன்னும் இருந்தது. அதைத் தகுதியாக மாற்றியது அந்தச் சோறும் அந்தப் புல்வெளியும்! அன்று அந்தக் கண்கள் வேறு பக்கம் திரும்பியிருந்தால்? ஸ்விடேயின் புழுதியில் ஒரு கொலிசி மறைந்திருப்பான். தேர்வுக்குழு வழக்கம்போல், "எவரும் கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கும்.

ஆகவே, அடியிலிருந்து தொடங்கு என்று அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்காக உச்சியில் உள்ள கணக்கைக் கிழித்தெறி என்பார்களே, அங்கேதான் நான் வேறுபடுகிறேன். உச்சியில் ஒருவன் நின்றால்தான் அடியில் இருப்பவன் அண்ணாந்து பார்ப்பான். இலக்கு என்பது திறமையற்றவனை உள்ளே தள்ளும் உத்தரவன்று. தேர்வாளன் இதுவரை போகாத திடலுக்கு அவனைப் போகவைக்கும் தாற்றுக்கோல். அந்தக் கோலை முறித்துப் பாருங்கள், மாடு பழைய தடத்திலேயே நடக்கும்.

ஆள்வோருக்கும் சொல்லவேண்டும். 2016இல் தென்னாப்பிரிக்க விளையாட்டு அமைச்சர், மாற்றத்தில் பின்தங்கின என்று ரக்பி உள்ளிட்ட நான்கு சங்கங்களுக்குத் தடை விதித்தார். பெரும் பன்னாட்டுப் போட்டிகளை நடத்தக் கோரக்கூடாது என்றார். மறு ஆண்டே தடை தளர்ந்தது. சாட்டையைச் சுழற்றினால் ஓசை வரும். ஓசையால் புல் முளைக்குமா? குடியிருப்புப் பள்ளிகளில் திடல் உண்டா, பயிற்சியாளர் உண்டா, பந்து உண்டா, பகலுணவு உண்டா என்று ஆண்டுதோறும் எண்ணாத அரசுக்கு, நான்காண்டுக்கு ஒருமுறை அணியில் தலைகளை எண்ண மட்டும் என்ன உரிமை? வேருக்கு நீர் விடாமல் கிளையில் காகிதப் பூ ஒட்டுவது தோட்டக்காரன் வேலையன்று, கடைக்காரன் வேலை.

தகுதி – திறமை என்ற இரட்டைச் சொல் தோழர்களின் காதுக்குப் புதிதன்று. அது எந்தக் கண்டத்தில் ஒலித்தாலும் குரல் ஒன்றாகவே இருப்பதை இந்தக் கதை காட்டுகிறது. அதனால்தான் நமக்குப் பழக்கமில்லாத பந்தை இன்று உங்கள் கையில் கொடுத்தேன்.

2027இல் பட்டியல் வரும். அதில் எத்தனை கறுப்பர் என்று கேட்பார்கள், கேட்கட்டும். எத்தனை தகுதி என்று கேட்பார்கள், அதையும் கேட்கட்டும். நாம் கேட்கவேண்டியது மூன்றாவது கேள்வி: இந்தப் பட்டியலில் இடம்பெறாத சிறுவன் ஒருவன், இன்று எந்தப் புழுதித் திடலில், எந்தப் பசியோடு ஓடிக்கொண்டிருக்கிறான்? அவனை எவர் பார்த்தார்?

அவனைத் தேடிச் சென்று பார்த்துவிட்டு வந்து, அதன்பின் தராசைத் தூக்குங்கள். அதுவரை, தகுதி என்று சொல்லும் வாய்க்குத்தான் தகுதியில்லை!